சீட்டு போடாத தலைவலி

அன்றைக்கு நான் பிலோமினா அக்காவுக்குப் பிரஷர் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மூடி வைத்து அவிழ்ப்பதற்கு இது ஒன்றும் துப்பறியும் கதை இல்லை. பிரஷர் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நாளுக்கு அறுபது, எழுபது கைகளில் பட்டையைச் சுற்றியவள் நான். வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டவரைக்கூட உட்கார வைத்துப் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று என்னைக் கேலி செய்வார்கள். அக்காவுக்கு மட்டும் பார்க்கவில்லை.

என் பெயர் தேவயானி. மேகமலை அடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அடுத்த வாரமே யாராவது ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போவார்கள். திராட்சைத் தோட்டத்து ஆட்கள், செங்கல் சூளை ஆட்கள், மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிற எஸ்டேட் ஆட்கள், இவர்கள்தான் எங்களிடம் வருகிற கூட்டம். மூன்று நர்ஸுகள் இருக்க வேண்டிய இடத்தில் பாதி மாதம் இரண்டு பேர்தான் இருப்போம். அந்த இரண்டு பேர் நானும் பிலோமினா அக்காவும்.

எங்கள் இருவருக்குமே ஒற்றைத் தலைவலி. எனக்கு இடது பக்கம், அவளுக்கு வலது பக்கம். "ரெண்டு தலையையும் நடுவுல பொளந்து ஒட்டவச்சா ஒரு தலை நல்லதாத் தேறும்டி தேவு" என்பாள். எனக்கு மாதத்தில் நாலு தடவை வரும், அவளுக்கு ஆறு. வெயில் பட்டால் வரும். ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் வரும். ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் வாசலில் பத்து நிமிடம் நின்றால், ஊரே வாசனை பிடிக்கும், நாங்கள் மட்டும் வாளியைத் தேடி ஓடுவோம். முதலில் கண்ணுக்குள் நெளிநெளியாக ஒரு வெளிச்சம் ஓடும். பிறகு வாந்தி. பிறகு பாதித் தலையில் உலக்கை போடுவது. இதோடு பிரசவம் பார்க்க வேண்டும், குழந்தையின் நரம்பைத் தேடி ஊசி குத்த வேண்டும், அந்த சிஸ்டர் மூஞ்சியைக் கடுகடுன்னு வச்சிருக்கு என்று பேச்சும் வாங்க வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்களுக்கு வந்தது. என்னத்தைத் தெரிந்துகொண்டோம் என்றுதான் தெரியவில்லை.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் அக்காவுக்குத் தினமும் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு மாதம் போட்டாள். டூட்டியில் கண் சொக்குகிறது என்று நிறுத்திவிட்டாள். அப்புறம் எல்லாம் வலி மாத்திரைதான். அவள் கைப்பையில் ஒரு அட்டை, என் கைப்பையில் ஒரு அட்டை, யாரிடம் தீர்ந்தாலும் மற்றவள் கொடுப்பாள். தினமும் வலி மாத்திரை தின்றால் தலைவலி கூடத்தான் செய்யும், பிரஷரும் ஏறும் என்று ஊர்ப் பொம்பளைகளைக் கூட்டி வைத்துச் சொல்வதும் நாங்கள்தான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே.

மாத்திரைக்கு அடங்காத நாளுக்கு இருட்டு ரூம் இருந்தது. குளுக்கோஸ் பெட்டிகளை அடுக்குகிற ஸ்டோர் ரூம் அது. ஜன்னலில் கறுப்புக் கவரை ஒட்டி, ஓரமாக ஒரு பழைய கட்டிலைப் போட்டிருந்தோம். ஒருத்தி உள்ளே போய்ப் படுத்தால், மற்றவள் வலிக்கு ஒரு டைக்ளோ ஊசி போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவாள். அதற்கு மேல் யாரும் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. வெளியே இருப்பவள் இரண்டு பேர் வேலையையும் பார்ப்பாள். அரை மணி நேரத்தில் உள்ளே போனவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். பதினொரு வருஷமாக இதுதான் எங்கள் வைத்தியம்.

இதற்கெல்லாம் சீட்டு கிடையாது. நோயாளி என்றால் வாசலில் பெயர், வயது சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் பிரஷர் எழுத ஒரு கட்டம் உண்டு. கட்டம் காலியாக இருந்தால் டாக்டரம்மா சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்களுக்குச் சீட்டு போட்டால் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறினால் லீவு எடுங்க சிஸ்டர் என்பார்கள். நான் லீவு எடுத்தால் அக்காவுக்கு இரட்டை டூட்டி, அவள் எடுத்தால் எனக்கு. அதனால் சீட்டும் இல்லை, கட்டமும் இல்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. புது மிஷின்கள் வந்த பிறகு, முள் வைத்த பழைய பிரஷர் மிஷின் ஒன்று ஸ்டோர் ரூமிலேயே கிடந்தது. அக்கா அதன் பட்டையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ரப்பர் பல்பை அமுக்கிக் காற்றடிப்பாள். நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டினால் வலி கொஞ்சம் அடங்கும் இல்லையா, இது அதைவிட நன்றாக இறுக்கும். வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். அவள் மகள் மெர்லின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். பல்பை அமுக்குவது அதன் வேலை. "அம்மா தலைக்குப் பிரஷர் பாக்குறேன்" என்று சிரிக்கும். நாங்களும் சிரிப்போம். அந்த மெர்லின் இப்போது மதுரையில் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் வருகிற நாள். நாற்பது பேருக்குக் குறையாது. டாக்டரம்மா தேனிக்கு மீட்டிங் போயிருந்தார். காலை பத்து மணி இருக்கும். மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கமிருந்து அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"தேவு, இன்னைக்கு வேற மாதிரி இருக்குடி."

"எப்படி வேற மாதிரி?"

"பின்னந்தலையில சட்டுனு யாரோ கட்டையால போட்ட மாதிரி. எனக்கு எப்பவும் வலது பக்கந்தான வரும்."

அது தவக்காலம். அக்காவின் குடும்பம் நாலு தலைமுறையாக வேதக்காரர்கள். மெர்லின் பரீட்சையில் தேற வேண்டும் என்று அந்த நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாக நேர்ந்திருந்தாள், ஒரு நேரச் சாப்பாடு. எனக்கு அது தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. தெரியாதவள் காரணத்தைத் தேடியிருப்பாள். நான் கையில் காரணத்தை வைத்துக்கொண்டு பேசினேன்.

"காலையில என்ன சாப்பிட்டீக?"

"ஒரு கட்டஞ்சாயா."

"வயித்தக் காயப் போட்டா தலை வலிக்காம என்ன செய்யும்? ஆண்டவரு ஒங்ககிட்ட கேட்டாராக்கும், பட்டினி கெடன்னு. வாங்க, வந்து இங்கன படுங்க."

அவள் பதில் பேசவில்லை. பதில் பேசாத ஆள் இல்லை அவள். அதையும் நான் கவனிக்கவில்லை. வெளியே பெஞ்சில் நாற்பது வயிறுகள் உட்கார்ந்திருந்தன, என் காது அங்கே இருந்தது. ஊசியை ஏற்றிப் போட்டேன். பட்டையை எடுத்து நானே அவள் தலையைச் சுற்றிக் கட்டினேன். பல்பை அமுக்கினேன்.

"இன்னுங் கொஞ்சம் இறுக்குடி."

"போதும்க்கா, முள்ளு எம்பதுல நிக்குது."

கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அந்தக் கை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பட்டை தலையில் இருந்தது. தலையிலிருந்து அவிழ்த்துக் கையில் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தோன்றவில்லை. தோன்றி, வேலை இருக்கிறதே என்று விட்டிருந்தால்கூட ஒரு கணக்கில் நியாயம். தோன்றவே இல்லை. லைட்டை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பதினொரு மணிக்குள் இருபது பேரைப் பார்த்து முடித்தேன். அதில் கடமலைக்குண்டிலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஒரு பெண், எட்டு மாதம். இரண்டு நாளாகத் தலைவலி என்றாள். பிரஷர் நூற்று ஐம்பதுக்கு நூறு. கூட வந்த அவள் அம்மாவை நான் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். "ரெண்டு நாளா தலைவலின்னு சொல்லுது, சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டுட்டு சும்மா இருந்தீகளா? தலைவலின்னா மொதல்ல பிரஷரப் பாக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அந்த அம்மா அழுதேவிட்டது. நூற்றெட்டு வண்டியை வரவழைத்து அந்தப் பெண்ணைக் கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன். நல்ல வேலை பார்த்தோம் என்று எனக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது.

மருந்தாளுநர் கோட்டைச்சாமி அண்ணன் ஜன்னல் வழியாகக் கேட்டார். "பிலோமினா சிஸ்டர் எங்க? காணமே."

"தலைவலி. உள்ள படுத்திருக்காக. எழுப்பாதீக."

அரை மணி நேரம் தாண்டியது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் தாண்டியதும் தெரியும். பாவம், பட்டினியாகக் கிடக்கிறாள், நல்ல தூக்கம் போலிருக்கிறது, தூங்கட்டும் என்று நினைத்தேன். அவள் மேல் இருந்த பிரியத்தில்தான் அந்தக் கதவை நான் திறக்கவில்லை. இதை யாரிடம் சொல்லி நம்ப வைப்பது?

பன்னிரண்டரை மணிக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். குறட்டைச் சத்தம் கேட்டது. நர்ஸாக இருப்பவளுக்கு அந்தக் குறட்டை தூக்கக் குறட்டை இல்லை என்று வாசற்படியிலேயே தெரியும். லைட்டைப் போட்டேன். வாந்தி எடுத்து அதிலேயே கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தலையில் பட்டை காற்று இறங்கித் தொளதொள என்று கண்ணை மறைத்துக் கிடந்தது.

அப்போதுதான் அதைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் கட்டினேன். இருநூற்று இருபதுக்கு நூற்று முப்பது.

கானாவிலக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இறக்கிய கையோடு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு, நிறையப் பரவிவிட்டது என்றார்கள். அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து அண்ணன் திராட்சைத் தோட்டத்திலிருந்து மருந்தடித்த சட்டையோடு அப்படியே வந்து நின்றார். கையெல்லாம் நீலம். அவரை வைத்துக்கொண்டுதான் அங்கிருந்த டூட்டி டாக்டர் கேட்டார்.

"எத்தனை மணிக்குத் தலைவலி ஆரம்பிச்சுது சிஸ்டர்?"

"பத்து மணிக்கு சார்."

"இன்ஜெக்ஷன் போடுறதுக்கு முன்னாடி பி.பி. எவ்வளவு இருந்துச்சு?"

அண்ணன் என் வாயையே பார்த்தார். டாக்டர் பேனாவைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஊசிக்கு முந்தி என்று எனக்குக் கையில் இருந்தது ஒரே ஒரு எண், அக்கா தலையில் முள் நின்ற எண்பது. அதற்கு முன்னால் நூற்று முப்பது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"நூத்தி முப்பது, எம்பது சார்."

அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பெருமை அடித்தேன் இல்லையா, வாசலில் நிற்பவருக்குக்கூடப் பார்ப்பேன் என்று. எல்லா நாளும் அப்படி இல்லை. கூட்டம் நெரிகிற நாளில், சளி, சொறி என்று வந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பட்டையைச் சுற்றாமலேயே கட்டத்தில் எழுதுகிற எண் அது. கை தன்னால் எழுதும். அன்றைக்கு வாயும் தன்னால் சொல்லிவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டார். அண்ணன் அவரிடம், "சார், வெரசாக் கொண்டுவந்திருந்தா ஏதும் பண்ணியிருக்கலாமா?" என்று கேட்டார்.

"அப்ப நார்மலாத்தான இருந்திருக்கு. யாருக்குங்க தெரியும்? திடீர்னு ஏறியிருக்கும். சிஸ்டரும் பாத்துட்டுத்தான் போட்டிருக்காங்க."

அந்தோணிமுத்து அண்ணன் நீலக் கையோடு என்னைக் கும்பிட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இல்லை அண்ணே, பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். தொண்டைக்குக் கீழேயே கிடந்தது.

மறுநாள் காலையில் கோட்டைச்சாமி அண்ணன் மெதுவாக வந்தார். "சிஸ்டர், நேத்துத் தேதிக்கு ஒரு சீட்டு போட்டுருவமா? ஊசி ஒண்ணு கொறையுது. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா ஒங்களுக்குத்தான் வம்பு." அவரும் கெட்டவர் இல்லை. அவர் சீட்டைப் போட்டார், நான் கட்டத்தில் எழுதினேன். பிலோமினா, நாற்பத்தொன்பது, பெண், தலைவலி, 130/80. பதினொரு வருஷத்தில் அக்காவின் தலைவலிக்குப் போட்ட முதல் சீட்டு. வியாழக்கிழமை மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. யாருக்கெல்லாம் அவள் பிரசவம் பார்த்தாளோ அவர்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தோணிமுத்து அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "பிலோமினாவுக்குப் பிரஷர் இருந்துச்சா?"

"இல்ல. தேவயானி பாத்துச்சு. நூத்தி முப்பது, எம்பது. நார்மல். ஆண்டவரு கூப்பிட்டுக்கிட்டாரு, நாம என்ன செய்ய."

திராட்சைக்கு மருந்து கலக்கும் அளவைத் தவிர வேறு எண் எதுவும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. இந்த எண்ணைத் தப்பில்லாமல் சொன்னார். ஜெபம் சொல்கிற மாதிரி ஒரே ராகத்தில், வருகிற ஆளுக்கெல்லாம் சொன்னார். பெட்டியைத் தூக்கும்போது சாம்பிராணிப் புகை வந்து எனக்கு இடது பக்கம் இடிக்க ஆரம்பித்தது. பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். அது அக்கா கொடுத்த அட்டை.

டாக்டரம்மா எங்களையெல்லாம் உட்கார வைத்து, இனிமேல் ஸ்டாஃபாக இருந்தாலும் சீட்டு, பிரஷர் கட்டாயம் என்றார். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் அக்கா இடத்துக்கு ஆள் போடவில்லை, கூட்டம் குறையவில்லை, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. நான் இன்னும் அந்த ரூமில்தான் படுக்கிறேன். வேறு எங்கே போய்ப் படுப்பது? கதவைச் சாத்த மட்டும் விடுவதில்லை.

மெர்லினுக்கும் பதினாலு வயதிலிருந்து அம்மாவின் தலைவலி உண்டு. அக்கா போய் மூன்று மாதம் கழித்து ஹாஸ்டலிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, தலை வலிக்குது."

"மாத்திரை போட்டுட்டு படு ஆத்தா. பிரஷர் பாத்தியா?"

"மிஷின் வாங்கி வச்சிருக்கேன். நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு."

"அப்புறம் என்ன? நார்மல்தான."

"அம்மாவுக்கும் நார்மல்தான சித்தி இருந்துச்சு."

தண்ணியைக் குடித்துவிட்டுத் தூங்கு என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டாள். எண்ணைச் சொல்வாள், நார்மல் என்பேன், அம்மாவுக்கும் அப்படித்தானே என்பாள். இரண்டு தடவை தலைக்கு ஸ்கேன் எடுத்தாள். ஒன்றுமில்லை. பரீட்சை எழுதாமல் பாதியில் எழுந்து வந்தாள். ஐப்பசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். படிப்பு வேண்டாம் என்கிறாளாம், ரூமை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாளாம். அந்தோணிமுத்து அண்ணன் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"நீ வந்து சொல்லு தாயி. ஒன் பேச்சக் கேப்பா. அவ அம்மைக்கு நீ எம்புட்டுச் செஞ்ச. இவளையும் நீதான் கரையேத்தணும்."

போனேன். மத்தியான நேரம். திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் வீடு. ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடி, ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரஷர் மிஷின். ஒரு நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பக்கம் பக்கமாகத் தேதி, மணி, எண். மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதியிருக்கிறாள். தூங்காமல்கூடப் பார்த்திருக்கிறாள்.

"எல்லாம் நார்மல் சித்தி. எல்லாமே. அப்ப நார்மல்னா என்ன அர்த்தம்? இந்த மிஷினப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுக்காக எங்களுக்கு? நாளைக்கு நான் ஒரு ஆளுக்குப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல போங்கன்னு எப்படிச் சொல்லுவேன்? அம்மாவுக்கு நீங்க பாத்துட்டுத்தான சொன்னீக?"

பத்தொன்பது வயசுப் பிள்ளை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. அக்கா பட்டினி கிடந்தது இந்தப் பிள்ளை தேற வேண்டும் என்றுதான். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன எண் இந்தப் பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"மெர்லினு, நான் பாக்கல ஆத்தா."

நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப?"

"ஊசி போடுறதுக்கு முன்னாடி. பாக்கவே இல்ல."

"சீட்டு இருக்கே. ஆபீஸ் காகிதத்துக்குன்னு நகல் எடுத்தாக. அப்பா பைபிளுக்குள்ள வச்சிருக்காரு."

"அது மறுநாள் எழுதுனது."

நர்ஸிங் படிக்கிற பிள்ளை, எங்கள் இருட்டு ரூமைத் தெரிந்த பிள்ளை, அடுத்த கேள்வி அவளுக்குத் தெரியும். "அப்ப பட்டை எங்க இருந்துச்சு?"

"தலையில."

அவள் கை தன்னாலேயே மடங்கி, பல்பை அமுக்குகிற மாதிரி ஒரு தடவை மூடித் திறந்தது. கை அப்படிச் செய்தது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வெளியே அண்ணன் யாரிடமோ பந்தல் கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்திருந்தா?" என்றாள்.

"தெரியல ஆத்தா. இருநூறு இருந்திருந்தா அப்பவே வண்டியில ஏத்தியிருப்பேன். ரெண்டரை மணி நேரம் முன்னாடி போயிருப்பாக. பொழச்சிருப்பாகளா மாட்டாகளா, அது எனக்குத் தெரியாது. தெனமும் நெனைக்கேன், தெரியல."

அடித்தால் தேவலை என்று இருந்தது. காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவள் எழுந்தாள். தலையில் இருந்த ஈரத்துண்டை அவிழ்த்துப் பிழிந்து கொடியில் போட்டாள். மிஷினின் வயரைச் சுருட்டி, பட்டையை மடித்து, அதன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இனிமே இத நம்பலாம்ல?"

"நம்பலாம்."

"அப்பாகிட்ட சொல்லிராதீக."

"அவருக்கும் சொல்லணும்னுதான்..."

"வேண்டாம். அந்த நம்பர வச்சுத்தான் அவரு சோறு திங்கிறாரு. காலையில அவரு தோட்டத்துக்குப் போன பெறகுதான் ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு வலி வந்திருக்கு. நான் தோட்டத்துக்குப் போகாம அவ கூட இருந்திருந்தான்னு மொத ஒரு வாரம் தலையில அடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. நார்மலா இருந்துச்சு, யாரா இருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு நாந்தான் சொல்லிச் சொல்லி எந்திரிக்க வச்சேன். இப்பப் போய் அதையும் புடுங்காதீக."

அடுத்த வாரமே மதுரைக்குத் திரும்பிப் போய்விட்டாள். விட்ட பரீட்சையை எழுதினாள். அந்தோணிமுத்து அண்ணன் ஒரு கூடைத் திராட்சையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, "என்ன மந்திரம் போட்ட தாயி?" என்று கேட்டார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மெர்லின் அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்யவில்லை. தலை வலிக்கிறதா, வலிக்கவில்லையா, தெரியாது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இந்த மாசியில் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. போகாமல் இருந்தால் அண்ணன் ஏன் என்று கேட்பார், அதனால் போனேன். தவக்காலம் என்பதால் கவிச்சி இல்லை, வீட்டு முற்றத்தில் பந்தியில் இலை போட்டுச் சாம்பார்ச் சோறு. எனக்குப் பக்கத்து இலையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு வயதான சொந்தக்காரம்மா. அடக்கத்துக்கு வர முடியாமல் போனவராம். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏன் அந்தோணிமுத்து, நர்ஸா இருந்த பிள்ளைக்கா இப்படி? பிரஷர் கிரஷர் இருந்துச்சா? யாரும் பாக்கலையா?"

அண்ணனுக்கு அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. நீ சொல்லு தாயி என்பது போல என்னைப் பார்த்தார். எனக்குக் காலையிலிருந்தே இடது பக்கம் இடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குத் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன்.

சோற்று வாளியோடு எங்கள் வரிசையில் வந்துகொண்டிருந்த மெர்லின் நின்றாள்.

"நூத்தி முப்பது, எம்பது பாட்டி. நார்மல்" என்றாள். அவள் அப்பா சொல்கிற அதே ராகத்தில் சொன்னாள். "சித்திதான் பாத்தாக."

அண்ணன் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டார். அவள் என் முகத்தைப் பார்க்காமல் எனக்கு இரண்டு கரண்டி சோறு வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.